பரட்டை முடிக்கு எது சரி: எண்ணெயா, கண்டிஷனரா, கெரட்டினா?

பார்லரில் முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று யாராவது கேட்டால், தலைக்குக் குளித்ததும் கண்டிஷனர் போடும் வழக்கம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் இல்லை என்பார்கள். சிலர், அதைப் போட்டால் முடி கொட்டும் என்று அம்மா சொன்னதாகச் சொல்வார்கள். ஒரு சாஷே கண்டிஷனரைக்கூடச் சோதித்துப் பார்க்காதவர்கள் ஐந்திலக்கச் செலவுக்குத் தயாராகிவிடுகிறார்கள். பார்லர்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். தம்மிடம் இருப்பதைத்தான் அவர்கள் பரிந்துரைப்பார்கள். தன் தலையில் இருப்பது எந்த வகைப் பரட்டை என்பதைப் பணம் கொடுப்பவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

முடியின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நுண்ணிய செதில்கள், வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் படலம் உண்டு. புதிதாக வளர்ந்த முடியில் இந்தப் படலம் முழுமையாக இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. ஒரு முடி மற்றொன்றின்மேல் உரசாமல் வழுக்கிச் செல்லும். ப்ளீச்சும் நிரந்தரச் சாயமும் இந்தப் படலத்தை அழித்துவிடுகின்றன. வெயிலும், வாரி வாரித் தேய்ப்பதும், இஸ்திரிக் கருவியின் சூடும் செதில்களின் ஓரங்களைப் பெயர்க்கின்றன. அதனால்தான் நீளமான கூந்தலில் வேர்ப்பகுதி பளபளப்பாகவும், மூன்று நான்கு ஆண்டு வெயிலைப் பார்த்த நுனி சொரசொரப்பாகவும் இருக்கிறது.

இனி உள்ளே. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை முக்கியமாக இருவகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. டைசல்ஃபைடு பிணைப்பு உறுதியானது. ரசாயனம் போட்டால்தான் உடையும். ஹைட்ரஜன் பிணைப்போ தண்ணீர் பட்டாலே அவிழ்ந்துவிடும், காயும்போது அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி சேர்ந்துகொள்ளும். காலையில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்து நேராக்கிய முடி, பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடுவது இதனால்தான். தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரப்பதமே போதும். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்பியலாளர் சொசூர் 1783இல் மனித முடியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கி எழுதினார். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக் காற்றுக்கு வரும்போது முடி இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. அந்த நீட்சிதான் முள்ளை நகர்த்தியது. வானிலை நிலையங்களில் முடி ஈரமானி வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. தலையில் ஒவ்வொரு முடியும் ஒரே அளவில் நீள்வதில்லை, ஒரே பக்கம் வளைவதும் இல்லை. அடிபட்டது அதிகம் உறிஞ்சும், அடிபடாதது குறைவாக உறிஞ்சும். அந்த ஒழுங்கின்மையைத்தான் நாம் கண்ணாடியில் பார்க்கிறோம்.

ஆகவே சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் வசிப்பவர்கள் தங்கள் முடியைத் திட்டிப் பயனில்லை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் காட்டும் பனிநிலை, சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்கிறது. பெங்களூருக்கு ஒரு வாரம் போனால் அடங்கிப் படியும் அதே முடி, சென்ட்ரலில் இறங்கியதும் எழுந்து நிற்கிறது என்றால் உங்கள் எதிரி காற்று. தண்ணீரும் கூட்டாளியாக இருக்கலாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு விடுமுறை நாள் போதும். தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, முடி ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுங்கள். பிறகு சீப்பைத் தொடாமல், கையால் கோதாமல், மின்விசிறியின் கீழ்கூட உட்காராமல் தானாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் முடி கற்றை கற்றையாகச் சேர்ந்து வளைவுகளோ சுருள்களோ தெரிந்தால், உங்களுடையது பரட்டை அல்ல, சுருட்டை. இத்தனை காலமும் உலர்ந்த பிறகு வாரி வாரிச் சுருளைப் பிரித்து விட்டிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அலையலையான முடி உள்ள பெண் குழந்தைகளில் எத்தனை பேரை ‘பரட்டை’ என்று கூப்பிட்டே வளர்த்திருக்கிறோம் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. முடி வளையும் விதத்தைத் தோலுக்குள் இருக்கும் வேர்க்குழியின் வடிவம் தீர்மானிக்கிறது. எந்த எண்ணெயும் அதை மாற்றப்போவதில்லை.

மாறாக, மேற்பகுதி படிந்து நுனி மட்டும் விரிந்து நின்றால் அது சேதம். நெற்றியோரத்திலும் வகிட்டிலும் குட்டையான முடிகள் நட்டுக்கொண்டு நின்றால், அவை புதிதாக முளைப்பவையாகவோ இறுக்கமான பின்னலால் ஒடிந்தவையாகவோ இருக்கும். பிரசவத்துக்குப் பின் கொட்டிய முடி திரும்ப வளரும்போது இப்படி நிற்பது வழக்கம். பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. வாழ்நாள் முழுக்கப் படிந்திருந்த முடி சில மாதங்களில் திடீரென்று வறண்டு முரடாகி, கூடவே அசதியும் எடை கூடுதலும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த நிலையில் சீரம் வாங்குவது பணத்துக்குக் கேடு.

தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்கலாம். இதன் பெருமையில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். மூலக்கூறு சிறியது, நேரானது, ஆகவே முடிக்குள் நுழைகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி அதிகம் ஊதுவதில்லை. (ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவு அதனால் பொய்யாகிவிடாது, என்றாலும் தெரிந்திருப்பது நல்லது.)

இதில் கவனிக்க வேண்டியது நேரம். அதிகப் பலன் குளிப்பதற்கு முன்பு வைக்கும்போதுதான். முந்தைய இரவோ, ஓரிரு மணி நேரம் முன்போ நுனிவரை தடவி, பிறகு அலசிவிட வேண்டும். குளித்து முடித்து எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வெளியே போவது முடியை அடக்கும் என்பது உண்மை. தூசியையும் சேர்த்து அடக்கிவைக்கும் என்பதும் உண்மை. எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊறவிட வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு உணவே கொழுப்புதான். நடுமுடியிலிருந்து நுனிவரை மட்டும் தடவிக்கொள்ளலாம். மினரல் ஆயில் கலந்த ‘ஒட்டாத’ எண்ணெய்கள் மேலே மினுமினுப்பைத் தரும், உள்ளே போகாது. மலிவான ஷைன் வேண்டுமென்றால் வாங்கலாம், மருந்தென்று நினைத்து வாங்கக் கூடாது.

எண்ணெய்க்கு ஒரு வரம்பு உண்டு. அது சேதம் கூடாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே பெயர்ந்த செதிலைப் படியவைக்கும் வேலையைக் கண்டிஷனர்தான் நன்றாகச் செய்கிறது. அடிபட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பொருள்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே எங்கே சேதம் அதிகமோ அங்கே போய்த் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. பாட்டிலின் பின்புறம் பெஹென்ட்ரைமோனியம், செட்ரைமோனியம் என்று தொடங்கும் பெயர்களும், டைமெதிகோன் அல்லது அமோடைமெதிகோன் என்ற சிலிகோன் பெயரும் முன்வரிசையில் இருந்தால் போதும். ஆர்கன், கெரட்டின், புரோட்டீன், பயோட்டின் என்று முன்புறத்தில் அச்சிட்டிருப்பதெல்லாம் விலையைக் கூட்டத்தான். சாஷே ஷாம்பு என்ற யோசனையைக் கடலூரிலிருந்து கொண்டுவந்து ஊரெல்லாம் பரப்பிய மாநிலம் இது. ஷாம்பு வந்தது, சீயக்காய் ஓரத்துக்குப் போனது. அதன் துணையாக வந்திருக்க வேண்டிய கண்டிஷனர் மட்டும் பல வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முடி கொட்டும் என்ற அச்சத்துக்கு ஒரு பதில். கண்டிஷனரை வேரில் போட வேண்டியதில்லை. காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அலசினால் போதும். சிக்கெடுக்கும்போது கையோடு வருபவை ஏற்கெனவே உதிர்ந்து உள்ளே மாட்டியிருந்த முடிகள்.

சீரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிகோன் கரைசல்தான். முடியைச் சுற்றி ஈரம் புகாத மெல்லிய உறை போடுகிறது. அதன் பலன் அடுத்த குளியல்வரை. ‘சிலிகோன் முடியைக் கொன்றுவிடும்’ என்று இணையத்தில் ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. மிதமான ஷாம்புவே பெரும்பாலானவற்றை நீக்கிவிடும். ஈர முடியில் இரண்டு துளி, நடுவிலிருந்து நுனிவரை. கடலோர ஈரக்காற்றுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியாது. பெட்டியில் கிளிசரின் முதல் சில பொருள்களில் ஒன்றாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைக்கும் பொருள். ஈரம் மிகுந்த ஊரில் சிலருக்கு முடியை மேலும் ஊதவைக்கும்.

பாட்டி வைத்தியங்களை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது, மொத்தமாக நம்பவும் முடியாது. வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேய்க்கும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. சீயக்காய்க்கு நுரை தருவது சபோனின் என்ற தாவரப் பொருள். சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரிந்து முடியில் படியாது. கஞ்சியின் மாவுச்சத்து முடிமேல் மெல்லிய படலம் விடும். செம்பருத்தி இலையின் கொழகொழப்பும், ஊறிய வெந்தயத்தின் வழவழப்பும் சிக்கெடுக்க வழுக்கல் தருகின்றன. ஆனால் சலிக்காத சீயக்காய்த் தூள் முடியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும். எண்ணெய் வைக்காத தலையில் அது வறட்சியைக் கூட்டும். எண்ணெய்க் குளியலோடு சேர்ந்த வரை அது நல்ல ஏற்பாடு. எண்ணெயை விட்டுவிட்டு சீயக்காயை மட்டும் ‘இயற்கை ஷாம்பு’வாகப் பிடித்துக்கொள்வது அரைகுறை. எலுமிச்சைச் சாற்றை அப்படியே பிழிந்து தேய்ப்பது, முட்டை, தயிர், பீர் ஆகியவற்றைப் பற்றி: சமையலறைக்கே திரும்பட்டும்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வரி. குளியல் சோப்பைத் தலைக்கும் தேய்ப்பதை நிறுத்தினாலே பலருக்குப் பாதிப் பரட்டை போய்விடும். அதன் காரத்தன்மை செதில்களைத் தூக்கிவிடும். போர் தண்ணீரோடு சேர்ந்தால் வெண்ணிறப் பிசுக்காக முடியில் தங்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. பல குடியிருப்புகளின் ஆழ்குழாய்த் தண்ணீர் குழாய் முனையில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தாலே அதன் லட்சணம் தெரியும். அதிலுள்ள கால்சியம் முடியிலும் ஒட்டும். முடி விறைப்பாகும், ஷாம்பு நுரைக்காது. இதற்காக ஷவரில் மாட்டும் சிறிய வடிகட்டிகள் விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை குளோரினைக் குறைப்பவை. கடினத்தன்மையைச் சொல்லும்படி குறைப்பதில்லை. உப்புப் போட்டு இயங்கும் மென்னீராக்கியால்தான் அது நடக்கும், அது குடியிருப்பு முழுக்கச் சேர்ந்து வைக்க வேண்டிய செலவு. தனியாளுக்கு எளிய வழி, கடைசி ஒரு சொம்பு அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துவைப்பது. ஈ.டி.டி.ஏ. சேர்ந்த, உப்புப் படிவை நீக்கும் ஷாம்புவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்துவது இன்னொரு வழி. வாடகை வீடு மாறியதிலிருந்து முடி கெட்டது என்பவர்கள் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

காசில்லாத ஒரு மாற்றமும் இருக்கிறது. தடித்த டர்க்கித் துண்டால் பரபரவென்று தேய்த்துத் துவட்டுவதை விட்டுவிடுங்கள். ஈரமான முடி உலர்ந்த முடியைவிட பலவீனமானது, இழுத்தால் அதிகம் நீண்டு உள்ளே முறிகிறது. நம் பழைய ஈரிழைத் துண்டு இதற்கு அருமையான பொருள்: சுற்றிவைத்து ஈரத்தை ஒற்றியெடுத்தால் போதும். வெளிநாட்டு அழகுக் குறிப்புகள் பருத்திப் பனியனைச் சிபாரிசு செய்கின்றன, நம்மிடம் அதைவிட நல்லது பீரோவில் மடித்துக் கிடக்கிறது.

இனி பார்லர். அங்கே ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், போட்டாக்ஸ் என்று பல பெயர்கள் சொல்வார்கள். வேலை அடிப்படையில் இரண்டுதான். ஸ்ட்ரெய்ட்டனிங் அல்லது ரீபாண்டிங் என்பது தையோகிளைகோலேட் போன்ற ரசாயனத்தால் டைசல்ஃபைடு பிணைப்பை உடைத்து, இரும்புத் தட்டால் நேராக்கி, மறுபடி பூட்டுவது. பூட்டிய முடி திரும்ப வளையாது. ஆனால் தலையில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் புதிய முடி பழைய சுருளோடு வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் மேலே அலை, கீழே ஈர்க்குச்சி என்று இரண்டு முடிகள். அப்போது மறுபடி பார்லருக்குப் போக வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும். ஏற்கெனவே சாயமோ ப்ளீச்சோ ஏறிய முடியில் இதைச் செய்தால் ஒடிந்து விழும் வாய்ப்பு அதிகம். மருதாணி போட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைப் பொட்டலங்கள் சிலவற்றில் வேறு சாயமும் கலந்திருக்கும்.

கெரட்டின் சிகிச்சை வேறு. பெயரைக் கேட்டால் முடிக்குப் புரதம் ஊட்டுவதாகத் தோன்றும். உண்மையில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைட், அல்லது சூடுபட்டால் அதை வெளியிடும் பொருள், அல்லது அதற்குப் பதிலாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம். அது முடியின் புரதங்களை ஒன்றோடொன்று கோத்து, இரும்பின் சூட்டில் நேராக வைத்துப் பூட்டுகிறது. மூன்று முதல் ஐந்து மாதம் தாங்கும். முடி அழகாகத்தான் இருக்கும், அதில் பொய்யில்லை. விலையைப் பற்றியல்ல என் தயக்கம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை ஃபார்மால்டிஹைடை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2010இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரிகள், ‘ஃபார்மால்டிஹைட் இல்லை’ என்று முத்திரையிட்ட பாட்டில்களைச் சோதித்தபோது 6 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கண் எரியும் அந்தப் புகையை வாடிக்கையாளர் சில மணி நேரம் சுவாசிக்கிறார். அங்கே வேலை பார்க்கும் பெண் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்.

சரி, ஃபார்மால்டிஹைட் இல்லாததைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே? அதற்கும் 2024இல் ஒரு பதில் வந்தது. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று முறை முடி நேராக்கும் சிகிச்சை செய்தபோதும் மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். பயன்படுத்திய கிரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. அதே கிரீமை எலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் என்ற உப்பின் படிகங்கள் சேர்ந்தன. இது அரிதான நிகழ்வு. என்றாலும் பரட்டை முடி உயிருக்கு ஆபத்தான நோயல்ல என்பதால், அரிதான ஆபத்தைக்கூட எதற்காக ஏற்க வேண்டும் என்பது என் கேள்வி. கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை எண்ணியே பார்க்கக் கூடாது.

இருந்தும் ஒரு தரப்பினருக்கு ரீபாண்டிங் நியாயமான தேர்வு என்பேன்: அடர்த்தியான, சாயமேறாத முடி உடையவர்கள், மறுபடி மறுபடி வரும் செலவையும் பராமரிப்பையும் ஏற்பவர்கள், தோள் அளவில் வெட்டிவிடத் தயங்காதவர்கள். மெல்லிய முடிக்கும், ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் முடிக்கும் இது வேண்டாம். ரீபாண்டிங்கா கெரட்டினா என்று இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், புகையில்லாத ரீபாண்டிங்கைத்தான் சொல்வேன். பலர் இதற்கு நேர்மாறாக, கெரட்டின் ‘லேசானது’ என்று நம்பி அதற்குப் போகிறார்கள்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு மேற்சொன்ன பார்லர் சிகிச்சைகள் எதுவும் முதல் தேர்வல்ல. ஈரத்தில் மட்டும் வாருங்கள், கண்டிஷனரைத் தாராளமாகப் போடுங்கள், சிறிது ஜெல்லை ஈர முடியில் கசக்கி விடுங்கள். காய்ந்தபின் ஜெல்லின் விறைப்பைக் கையால் அமுக்கி உடைத்துவிடலாம். முதல் சில வாரம் கண்ணாடியில் பார்க்கப் பழக்கமில்லாமல் இருக்கும். உறவினர் கருத்துச் சொல்வார்கள். முடி வெட்டும்போதும் சுருளை அறிந்தவரிடம் போவது அவசியம். ஈரமாக இழுத்து வெட்டினால் காய்ந்தபின் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.

அடுத்த மாதம் கல்யாணம், நேரமில்லை என்பவர்கள் புதிய ரசாயனம் எதையும் இப்போது தொட வேண்டாம். வாரம் இருமுறை முன்கூட்டிய எண்ணெய், ஒவ்வொரு குளியலுக்கும் கண்டிஷனர், நுனியில் ஓர் அங்குல வெட்டு. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் முடி முக்கால்வாசி காய்ந்த பிறகு ப்ளோ டிரை செய்துகொள்ளலாம். சொட்டச் சொட்ட ஈரமான முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைக்க அனுமதிக்காதீர்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழியிட்டு முடியை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். பின்னலும் பூவும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். நெற்றியோரத்தில் நிற்கும் குட்டை முடிகளுக்கு, புதிய பல் துலக்கும் பிரஷ்ஷில் ஒரு துளி சீரம் விட்டு மெதுவாக வாரிவிட்டால் மண்டபத்தில் சாப்பாடு முடியும்வரை நிற்கும்.